ரத்தத்தில் மிதக்கும் துப்பு

காந்திஜி சுடப்பட்ட 1948-ம் வருஷம், பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் மாண்டெல், மெத்தே என்ற இரண்டு பேர் ஒரு விஷயத்தை எழுதி வைத்தார்கள். ரத்தத்தில் செல்களை நீக்கினால் மிஞ்சும் மஞ்சள் நீரில், அதாவது பிளாஸ்மாவில், நியூக்ளிக் அமிலங்கள் மிதக்கின்றன என்று. யாரும் கண்டுகொள்ளவில்லை. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவம் தெரியவே இன்னும் 5 வருஷம் இருந்தது, பாவம்.

1977-ல் லியோன் குழுவினர், புற்றுநோயாளிகள் பலரின் ரத்தத்தில் இந்த டி.என்.ஏ. கூடுதலாக இருப்பதை அளந்து காட்டினார்கள். சாகிற செல்கள் சிதறவிடும் துண்டுகள் இவை. ஆனால் காயம் பட்டாலும் தொற்று வந்தாலும்கூட இது ஏறும். அளவு மட்டும் போதாது, துண்டு எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் அதற்கு ஒரு வசதி உண்டு. ஜெர்மனியில் ஹரால்ட் சுர் ஹவுசன் குழு 1983-ல் எச்.பி.வி. 16, அடுத்த வருஷம் எச்.பி.வி. 18 என்ற வைரஸ்களை இந்தக் கட்டிகளில் கண்டுபிடித்தது. 2008-ல் அவருக்கு நோபல் பரிசு. 1951-ல் பால்டிமோரில் இதே நோயால் இறந்த ஹென்ரியட்டா லாக்ஸிடமிருந்து, அவரைக் கேட்காமலே எடுத்து உலகமெல்லாம் வளர்த்த ஹீலா செல்களிலும் 18-ம் நம்பர் உட்கார்ந்திருந்தது! வைரஸின் டி.என்.ஏ. நம்முடையது அல்ல. அதனால் ரத்தத்தில் அது தென்பட்டால் விலாசம் எழுதிய கடிதம் மாதிரி. ஆரம்ப நாட்களில் நோயாளிகளில் கொஞ்சம் பேரிடம்தான் சிக்கியது. மாதிரியை ஆயிரக்கணக்கான நுண்துளிகளாகப் பிரித்து எண்ணும் டிஜிட்டல் பி.சி.ஆர். வந்த பிறகு நிலைமை மாறியது. இந்தத் துண்டுகள் சில மணி நேரத்திலேயே அழிந்துவிடும். எனவே சிகிச்சை முடிந்து நாளான பிறகும் வைரஸ் டி.என்.ஏ. தென்பட்டால், நோய் இன்னும் ஒளிந்திருக்கிறதோ என்று டாக்டர் சந்தேகப்படலாம்.

நான் புனேயில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பதால், இங்குள்ள நம்மூர் அக்காமார் தனியாக அழைத்துக் கேட்பார்கள்: "ரத்தம் எடுத்துப் பார்த்தா போதாதாம்மா? அந்த டெஸ்டு கூச்சமா இருக்கே." போதாது அக்கா. புற்றாக மாறுவதற்கு முந்தைய நிலையில் கெட்ட செல்கள் மேல்தோலுக்குள்ளேயே அடங்கியிருக்கும், ரத்தத்துக்கு ஏறக்குறைய எதுவும் வராது. பிடிக்க வேண்டியதோ அப்போதுதான். ரத்தத்தில் தெரியும்போது பெரும்பாலும் நோய் வந்தாயிற்று.

திண்டுக்கல் மாவட்டத்தில் நர்சுகள் நீர்த்த அசிடிக் அமிலத்தைத் தடவி, வெறும் கண்ணால் 31,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பரிசோதித்தார்கள். 2007-ல் வெளியான முடிவின்படி அந்தக் கிராமங்களில் இந்நோயால் சாவு 35 சதவீதம் குறைந்தது. இங்கே மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் ஒரே ஒரு முறை செய்த எச்.பி.வி. சோதனை, 2009 கணக்குப்படி சாவை ஏறக்குறைய பாதியாக்கியது. அந்தச் சோதனைக்கான மாதிரியைப் பெண்களே தனியறையில் பஞ்சுக்குச்சியால் எடுத்துக் கொடுக்கலாம் என்று 2021-ல் உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது.