சாகாத ஆடும் நூறு யூனிட்டும்

சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தா விளக்கு வைக்க நினைத்தவர் பெரும்பாலும் எண்ணெய்க் குடத்தைச் சுமந்துகொண்டு போகவில்லை. ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். பல ஊர்களில் ஒரு விளக்குக்கு 90 ஆடு என்பது கணக்கு. தஞ்சைப் பெரிய கோயிலில் 96. அந்த ஆடுகளை இடையர்கள் ஏற்றுக்கொள்வார்கள். பதிலுக்கு நாள்தோறும் உழக்கு நெய் அளந்து கொடுக்க வேண்டும். மழை பொய்க்கலாம், மேய்ச்சல் காயலாம், நோய் வந்து பட்டியில் பாதி போகலாம். உழக்கு மட்டும் குறையக் கூடாது. இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டில் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். செத்த ஆட்டின் இடத்தில் குட்டி வந்து சேரும். அதனால் ஏட்டுக் கணக்கில் ஆடு சாவதும் இல்லை, கிழடாவதும் இல்லை.

ஸ்ரீரங்கத்தில் முதலாம் பராந்தகனின் 17ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, வெள்ளியில் விளக்குத்தண்டு கொடுத்து அது எரிவதற்குப் பொன்னும் வைத்ததைச் சொல்கிறது. ஆடோ பொன்னோ, ஏற்பாடு ஒன்றுதான். கொடுப்பவர் ஒரே தடவை கொடுத்துவிடுவார். அதன் பிறகு நெய் விலை ஏறினாலும் இறங்கினாலும் அது ஏற்றுக்கொண்டவர் பாடு.

கட்டிவைத்த விலைக்கு மேல் ஆகிற செலவு யார் தலையில் விழும் என்ற அந்தக் கேள்வி காவிரிக்கரையை விட்டுப் போகவே இல்லை. இடையர் இருந்த இடத்தில் பிறகு கம்பெனி வந்தது, கம்பெனி இருந்த இடத்தில் வாரியம் வந்தது.

வீட்டு விளக்குக்குக் கோயில் விளக்கின் பாதுகாப்பு எதுவும் இருந்ததில்லை. ஆமணக்கெண்ணெயும் இலுப்பை எண்ணெயும் சந்தை சொன்ன விலைக்குத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சீமையிலிருந்து வந்த எண்ணெய் ‘சீமெண்ணெய்’ ஆயிற்று. வாய் வழக்கில் ‘கிருஷ்ணாயில்’. சிம்னியும் அரிக்கேனும் மாடப்பிறை அகலை ஓரங்கட்டின.

விற்பவர்கள் போட்டியில் இறங்கி வீட்டு விளக்கின் விலையை உடைத்த காலம் ஒன்று உண்டு. அது மின்சாரத்தில் நடக்கவில்லை, மண்ணெண்ணெயில் நடந்தது. 1927இல் அமெரிக்காவின் நியூயார்க் ஸ்டாண்டர்ட் ஆயில், ரஷ்ய எண்ணெயை வாங்கி இந்தியாவில் விற்கத் தொடங்கியது. ராயல் டச்சு ஷெல்லின் தலைவர் ஹென்றி டெட்டர்டிங் கொதித்துப்போய் விலையை வெட்டினார், எதிராளியும் வெட்டினார். இரு பெரிய கம்பெனிகளின் சண்டையில் அரிக்கேன் வைத்திருந்தவருக்கு எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. அந்த யோகம் நீடிக்கவில்லை. 1928 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் அக்னகாரி மாளிகையில் எண்ணெய்க் கம்பெனித் தலைவர்கள் கூடி, இருக்கிற சந்தையை இருக்கிறபடியே பங்கிட்டுக்கொள்வது என்று முடிவுசெய்தார்கள். அதே வருஷம் பர்மா ஆயிலும் ஷெல்லும் இந்தியச் சந்தைக்காகக் கைகோத்துப் பர்மா-ஷெல் ஆயின.

மின்சாரம் அப்படி இரண்டு பேர் கையில் வரவில்லை. வந்தபோதே ஒரே கம்பியில்தான் வந்தது.

1910ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டப்படி, ஓர் ஊருக்கு மின்சாரம் கொடுக்க விரும்பும் கம்பெனி அரசிடம் உரிமம் வாங்க வேண்டும். ஊரின் எல்லை, யூனிட்டுக்கு வாங்கக்கூடிய உச்ச விலை, எத்தனை வருஷம் கழித்து அரசோ உள்ளாட்சியோ தொழிலை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்பதெல்லாம் அந்த ஏற்பாட்டில் அடங்கும். சென்னை மாகாணத்தின் பெரும்பாலான நகரங்களைப் போலவே திருச்சியிலும் தனியார் உரிமதாரர்தான் விளக்கேற்றினார். ஆனால் அந்தச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் ஒரு வரி உண்டு: ஒருவருக்கு உரிமம் கொடுத்திருப்பது, அதே ஊரில் அதே வேலைக்கு இன்னொருவருக்கு உரிமம் கொடுப்பதைத் தடுக்காது. ஆக, சட்டப்படி ஸ்ரீரங்கத்து வீதிகளில் இரண்டு கம்பெனிகள் போட்டி போட்டிருக்கலாம்.

போடவில்லை. காரணம் எளிது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் தீவுக்கு ஆற்றைத் தாண்டிக் கம்பி இழுப்பதே பெரிய செலவு. ஏழு திருச்சுற்றாக வீதிகள் சூழ்ந்த ஊரில், ஏற்கெனவே ஒரு வரிசைக் கம்பம் நிற்கிற தெருவில் இன்னொரு வரிசை நட்டு, இருக்கிற வாடிக்கையில் பாதியைப் பிடித்து, அதில் முதலை எடுப்பது எந்த முதலாளிக்கும் கட்டுப்படியாகாது. கதவு திறந்தே இருந்தது, நுழைய ஆளில்லை.

விலையை மாற்றியது போட்டி அல்ல, தண்ணீர். 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்து, 1937இல் அங்கே மின் உற்பத்தியும் ஆரம்பமானது. மேட்டூரில் சுழலியைத் தள்ளிவிட்டு இறங்கும் தண்ணீர்தான் சில நாளில் ஸ்ரீரங்கத்தின் அம்மா மண்டபத்துப் படித்துறையைத் தொடும். பாசனத்துக்குத் திறக்கும் தண்ணீரில்தான் மேட்டூர் மின்சாரமும். ஆற்றில் நீர் இருந்தால் மலிவு, வறண்டால் தட்டுப்பாடு. மேய்ச்சல் காய்ந்த இடையரின் கவலை, கொஞ்சம் உருமாறி, மின் பொறியாளரிடம் வந்து சேர்ந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசு இந்தக் கம்பெனிகளையே வாங்கிவிட முனைந்தது. 1949இல் சென்னை சட்டமன்றம் கையகப்படுத்தும் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. ராஜமுந்திரி மின்கம்பெனி உச்ச நீதிமன்றம் வரை போய், அந்தச் சட்டம் மாகாண அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்று 1954இல் தீர்ப்பு வாங்கியது. அதே ஆண்டில் புதுச் சட்டம் வந்தது. 1957 ஜூலை 1 அன்று சென்னை மாநில மின்சார வாரியம் பிறந்தது. தனியார் உரிமங்கள் ஒவ்வொன்றாக அரசின் கைக்கு வந்தன. ‘கரண்ட் ஆபீஸ்’ என்றால் வாரியம் என்று ஆனது. திருச்சிக்காரருக்கு அது தென்னூர்.

அதற்குப் பிறகு யாரிடம் வாங்குவது என்ற பேச்சே இல்லை. விலையை எவ்வளவில் கட்டுவது என்பது மட்டும் அரசியல் மேடைக்குப் போனது.

திருச்சியை அடுத்த திருவெறும்பூரில் 1965இல் உற்பத்தியைத் தொடங்கிய பெல் ஆலை, நாட்டின் அனல்மின் நிலையங்களுக்குக் கொதிகலன் செய்து அனுப்பியது. அந்த ஊரே 2012இல் நாளுக்குப் பல மணி நேரம் இருட்டில் கிடந்தது. அப்போது முதலமைச்சர் ஸ்ரீரங்கம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ஜெயலலிதா. அந்த வருஷம் ஏப்ரலில் கட்டணம் சராசரியாக 37 சதவீதம் ஏறியது. கையில் காசிருந்த குடும்பங்கள் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கி வைத்தன. மின்சாரம் விற்பவரை மாற்ற வழியில்லாதவர்கள் மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் பெட்டியை வாங்கினார்கள்.

2014 டிசம்பரில் ஒரு கட்டண உயர்வு. அதற்குப் பிறகு 2022 செப்டம்பர் வரை, ஏறக்குறைய எட்டு வருஷம், விலை அசையவில்லை. நடுவில் 2016 மே 23 அன்று மீண்டும் பதவியேற்ற ஜெயலலிதா முதல் நாளிலேயே கையெழுத்திட்ட கோப்புகளில் ஒன்று, வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்பது. நிலக்கரி விலை, வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்தின் விலை, வட்டி எல்லாம் ஏறிக்கொண்டிருந்தன. ரசீதில் மட்டும் சாவா மூவா விலை. இந்த முறை இடையர் பாட்டை ஏற்றது வாரியத்தின் இடத்துக்கு வந்த மின்பகிர்மானக் கழகம். 2011-12இல் 43 ஆயிரம் கோடி ரூபாயாக இருந்த அதன் கடன் பத்தே வருஷத்தில் 1.6 லட்சம் கோடியை எட்டியது. 2022 கட்டண உயர்வை அறிவித்தபோது அரசு முன்வைத்த கணக்கு அது.

சோழர் கால ஒப்பந்தத்தில் இல்லாத ஒரு நெளிவு இதில் உண்டு. நூறு யூனிட் இலவசம் என்பது எல்லா வீட்டுக்கும் பொது; அதற்கு மேல் படிப்படியாக விலை. 2022 செப்டம்பர் கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் செலவழித்த வீட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஆகிவிட்டால் கீழ்ப்படிகளின் சலுகையும் சுருங்கி 1,958 ரூபாய். கடைசி ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்!

நிலைவிலையா, கம்பெனி மாற்றுவதா என்று வேறு நாட்டுக் குடும்பங்கள் உட்கார்ந்து போடும் கணக்கை இங்கே இந்த ஒரு யூனிட்டை வைத்துத்தான் போடுகிறார்கள். ரீடிங் எடுக்க வருபவர் நாலு நாள் தாமதித்தால் படி தாண்டிவிடும் என்ற பதற்றம் இதனால்தான். மாதாமாதம் ரீடிங் எடுக்க வேண்டும் என்ற கோரிக்கை 2021 தேர்தலில் திமுகவின் வாக்குறுதியாகவே ஆனது. மாடிப் போர்ஷனுக்குத் தனி மீட்டர் வாங்குவது, ஒரே குடும்பம் இரண்டு இணைப்பு வைத்து இரண்டு தடவை நூறு யூனிட் பெறுவது, அப்படிப்பட்ட இணைப்புகளை ஒன்றாக்கச் சொல்லி வாரியம் நோட்டீஸ் அனுப்புவது எல்லாம் இதே கணக்கின் கிளைகள். அம்மா மண்டபம் சாலையில் பழைய வீடுகள் இடிந்து அடுக்ககங்கள் எழுந்தபோது மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் பொது மீட்டர் வந்தது. 2022இல் அதற்கு யூனிட் எட்டு ரூபாய் என்றானதும் குடியிருப்போர் சங்கக் கூட்டங்கள் சூடேறின. 2023இல், லிஃப்ட் இல்லாத சிறிய அடுக்ககங்களுக்கு மட்டும் அது 5 ரூபாய் 50 காசாக இறங்கியது.

இந்தியாவில் விற்பவரை மாற்றிப் பார்த்தவர்கள் மும்பைக்காரர்கள். டாடா பவருக்கு வீடுகளுக்கும் விற்கும் உரிமை உண்டு என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, செம்பூர் போன்ற புறநகரில் குடியிருக்கும் தமிழர்கூட அங்கே விநியோகம் செய்துவந்த ரிலையன்ஸின் கம்பி வழியாகவே டாடாவின் மின்சாரத்தை வாங்க முடிந்தது. பிரிட்டனில் 1999க்குள் எல்லா வீடுகளுக்கும் இந்த வசதி வந்துவிட்டது. ஆனால் 2021இல் எரிவாயு விலை எகிறியபோது, மலிவாக விற்பதாகச் சொன்ன சிறு கம்பெனிகள் வரிசையாக மூழ்கின. அங்கே இடையரே பட்டியை விட்டு ஓடிய கதை.

ஒரே ஊரில் பலர் மின்சாரம் விற்பதை எளிதாக்கும் சட்டத் திருத்த மசோதா 2022 ஆகஸ்ட் 8 அன்று மக்களவைக்கு வந்தது. தமிழ்நாட்டிலிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. இலாபமுள்ள வாடிக்கையைத் தனியார் எடுத்துக்கொண்டால், இலவச இணைப்புகளின் பாரம் முழுதும் வாரியத்தின் மேல் நிற்கும் என்பது வாதம். மசோதா நிலைக்குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. அடுப்புக் காஸில் மட்டும் மாற்றும் உரிமை வந்திருக்கிறது. 2014 முதல் ஏஜென்சியை மட்டுமல்ல, கம்பெனியையே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஓர் ஊரில் எந்தக் கம்பெனியிலும் சிலிண்டர் விலை ஒன்றுதான்.

இப்போது மாற்றம் கூரை வழியாக வருகிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட் பலகைக்கு மத்திய மானியம் 78,000 ரூபாய். மொட்டை மாடி சொந்தமாக இருப்பவருக்கு அது கட்டுப்படியாகும். உத்திர வீதியில் ஒட்டுக் குடித்தனம் இருப்பவருக்கு மாடியும் இல்லை, மானியமும் இல்லை. அவர் மே மாதக் கடைசியில், ரீடிங் எடுக்க இரண்டு நாள் இருக்கும்போது, கைபேசி வெளிச்சத்தில் மீட்டரைப் பார்த்து 496 என்று கணக்குப் போட்டு, ஏசியை அணைத்துவிட்டுப் பாயைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போகிறார்.