பார்வையாளர்

பார் என்னும் வினையடி ‘வை’ விகுதி ஏற்றுப் பார்வை என்ற தொழிற்பெயர் ஆனது; போர் போர்வை ஆனது போல. அதனோடு ‘ஆளர்’ சேர்ந்தால் பார்வையாளர். எழுத்தாளர், பேச்சாளர், தொழிலாளர் எல்லாம் இதே அமைப்பில் பிறந்த சொற்கள்.

நாடக அரங்கில் அமர்ந்திருப்பவரும் மருத்துவமனையில் நோயாளியைக் காணச் செல்பவரும் பார்வையாளர்தாம். தேர்தலிலோ இச்சொல்லுக்குச் சட்டத்தின் கனம் உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இல், 1996ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 20பி பிரிவின்படி, தேர்தல் ஆணையம் அரசு அதிகாரி ஒருவரைப் பார்வையாளராக அமர்த்தலாம். பல வாக்குச்சாவடிகள் கைப்பற்றப்பட்டதாக அவர் கருதினால், முடிவு அறிவிக்கப்படும் முன் வாக்கு எண்ணிக்கையை நிறுத்தச் சொல்லலாம். உடனே ஆணையத்துக்கு அறிக்கை தர வேண்டும்.

பொதுப் பார்வையாளர், காவல் பார்வையாளர், செலவினப் பார்வையாளர் எனப் பணிக்கேற்ற அடைமொழிகள் உண்டு. பதற்றமான வாக்குச்சாவடிக்குள் அமர்பவர் நுண்பார்வையாளர். மாதிரி வாக்குப்பதிவு நடந்ததா, விரலில் மை வைக்கப்படுகிறதா, வாக்கின் மறைவு காக்கப்படுகிறதா என்பதைக் கவனித்துப் பொதுப் பார்வையாளரிடம் தெரிவிப்பது அவர் கடமை. வாக்குப்பதிவை நடத்தும் தலைமை அலுவலரின் வேலையில் அவர் தலையிடக் கூடாது.

வேட்பாளர் சார்பில் அமர்பவர் வாக்குச்சாவடி முகவர். அவர் கட்சியின் கண். பார்வையாளர் ஆணையத்தின் கண். இரண்டு சொற்களையும் மாற்றி எழுதுவது பிழை.