காசுல புலி, சுவர்ல கணக்கு



நம்ம மலேசியக் காசுல செம்பருத்திப் பூ இருக்கு. பார்த்ததுமே எந்த நாட்டுக் காசுன்னு தெரிஞ்சிடும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தி, டிவி, பேப்பர் எதுவும் இல்லாத காலத்துல, ராஜா யாருன்னு ஜனங்க கையிலேயே கொண்டுபோய்ச் சொன்னதும் காசுதான்.

சோழருக்குப் புலி, பாண்டியருக்கு மீன், சேரருக்கு வில். இது நமக்குத் தெரிஞ்சதுதான். சோழர் காசுல மூணுமே சேர்ந்து வரும். புலி குடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும், மீனும் வில்லும் அதன் பக்கத்துல இருக்கும். மூணு நாடும் எங்க குடைக்குக் கீழேன்னு அர்த்தம். ராஜேந்திர சோழர் ‘கங்கைகொண்ட சோழன்’ என்ற பட்டத்தையே நாகரி எழுத்துல காசுல பொறிச்சார். 1025-ல் நம்ம கடாரத்துக்குக் கப்பல் படை அனுப்பினவரும் இவர்தான்.

அவர் அப்பா ராஜராஜர் செப்புக் காசுல ஒரு பக்கம் நிற்கிற உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், கூடவே ‘ஸ்ரீராஜராஜ’ன்னு பெயர். இது ஈழத்துலயும் நிறைய புழங்குச்சு. பிறகு 1070-ல் விஜயபாகு மன்னர் சோழரைப் பொலன்னறுவையை விட்டு விரட்டினார். ஆனா அவர் அடிச்ச காசும் அதே அமைப்புதான், பெயர் மட்டும் மாறிடுச்சு! ஆட்சியை மாத்தினவரும் ஜனங்க பழகின காசின் அமைப்பை மாத்தல.

13-ஆம் நூற்றாண்டுல பாண்டியர் கை ஓங்குச்சு. அவங்க பதிலுக்கு ‘சோணாடு கொண்டான்’ன்னு தமிழ்லயே காசு அடிச்சாங்க. புலிக்குப் பக்கத்துல ஒதுங்கி நின்ன மீனுக்கு மறுபடியும் காலம் வந்துச்சு.

இப்போ தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வருவோம். காசுல தன் பெயரைப் போட்ட அதே ராஜராஜர் காலத்துல, கோயில் பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கு என்ன பெயர் தெரியுமா? ‘ஆடவல்லான்’. நம்ம நடராஜப் பெருமான் பெயர்! கோயிலுக்கு வந்த காசை ஊர்ச் சபைகள்கிட்ட முதலாக் கொடுத்து, ஒரு காசுக்கு வருஷம் அரைக்கால் காசு வட்டி வாங்கியிருக்காங்க. யார் கொடுத்தது, எவ்வளவு, எதுக்கு, எல்லாம் சுவர்ல வெட்டி வச்சிருக்காங்க.

புலிக் காசு, மீன் காசு எல்லாம் செல்லாமப் போயிடுச்சு. கோயிலுக்குக் கொடுத்த கணக்கு மட்டும் இன்னிக்கும் கல்லுல நிக்குது.

அதனால உபயம் கொடுக்கிற அன்பர்கள், பத்து வெள்ளியா இருந்தாலும் ரசீது கேட்டு வாங்குங்க. கணக்கு எழுதி வைக்கிறதும் நம்ம கோயில் மரபுதான்.

சிவாய நம.