துண்டுச்சீட்டும் நன்னடத்தைச் சட்டமும்

மீரியபெத்த என்றதும் 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி நிகழ்ந்த மண்சரிவே நெஞ்சில் எழும். பதுளைப் பகுதித் தோட்டங்களுக்கு மனிதரைக் கண்காணித்த வரலாறொன்றும் உண்டு.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டகன்ற தொழிலாளிக்குச் சிறைத்தண்டனை விதிக்கலாம். வேறு தோட்டம் செல்லவோ, அவன் பட்ட கடனைக் குறித்த 'துண்டு' வேண்டும். புதிய துரை அத்தொகையைச் செலுத்தி அவனை ஏற்பார். கடனும் உடன் செல்லும். அவன் நடத்தையை ஆராய்ந்தவர் யார்? ஆராயப்பட்டது பற்றுக்கணக்கு ஒன்றே! 1921இல் துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

1944ஆம் ஆண்டின் 42ஆம் இலக்கக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டமோ கண்காணிப்பின் நோக்கையே மாற்றிற்று. குற்றம் புரிந்தவன் சிறைக்குப் பதிலாக நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் தன் ஊரிலேயே வாழலாம். அவன் போக்கை அறிந்து நீதிமன்றம் நிபந்தனைகளை மாற்றவும் கூடும். இதுவே நான் பெரிதெனக் கருதும் வேறுபாடு. துண்டு எவர் போக்கையும் பார்த்து இளகியதில்லை. 1999இன் 46ஆம் இலக்கச் சட்டம் சமுதாயஞ்சார் சீர்திருத்தத்துக்கும் வழிவகுத்தது. அத்தகைய கட்டளை பெற்ற தோட்டத் தொழிலாளி மனைவி மக்களோடு லயத்திலேயே இருக்கலாம். மறுநாட்காலை மலைக்கு வேலைக்கும் போகலாம்.