சாமிக்குத்தானே!

திருச்சிப் பெரிய கடை வீதியில் எண்ணெய் வாங்கப் போயிருந்தேன். "சமையலுக்கா, சாமிக்கா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"சாமிக்குத்தான்" என்றேன்.

மேல் தட்டுக்குப் போன அவர் கை சட்டென்று கீழ்த் தட்டுக்கு இறங்கியது. விலை பாதி. புட்டியின் மேல் 'சாப்பிட உகந்ததல்ல' என்று அச்சிட்டிருந்தது. நானும் சந்தோஷமாக வாங்கிப் பையில் போட்டுக் கொண்டேன்!

அந்தப் பையுடன் மலைக்கோட்டை ஏறித் தாயுமானவர் சந்நிதியில் நின்றபோதுதான் மனம் சுருக்கென்றது. சுவாமி மேற்கு நோக்கி எழுந்தருளியிருக்கிறார். கொடிமரமோ அவருக்குப் பின்னால், கிழக்கே இருக்கிறது. இந்த விசித்திரத்துக்குத் தல புராணம் ஒரு கதை சொல்கிறது.

சாரமா முனிவர் செவ்வந்தி நந்தவனம் வைத்துத் தினமும் இறைவனுக்கு மலர் சாத்தி வந்தார். பூ வணிகன் ஒருவன் அந்த மலர்களைத் திருடி உறையூர்ச் சோழனிடம் கொடுத்து வந்தான். முனிவர் முறையிட்டும் அரசன் அவனைக் கண்டிக்கவில்லை. நல்ல பூ அரண்மனைக்கு, மிச்சம் ஆண்டவனுக்கு! கிழக்கே பார்த்திருந்த ஈசன் உறையூர்ப் பக்கம் திரும்பினார். மண்மாரி பெய்து நகரம் அழிந்ததாம்.

மண்மாரி புராணத்தின் கூற்று. சரித்திரம் சொல்வது வேறு. 9ஆம் நூற்றாண்டில் விஜயாலயன் தஞ்சையைக் கைப்பற்றிய பின் சோழர் பெருமை அங்கே குடியேறிற்று. ஆனாலும் ஒரு பழம் தலைநகரின் வீழ்ச்சிக்குப் பகைவனைக் காரணம் சொல்லாமல், ஒரு கூடைப் பூவைக் காரணம் சொன்னார்களே, அந்த மனத்தை நினைத்துப் பாருங்கள்!

காவிரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்திலும் இதே மனந்தான். தொண்டரடிப்பொடியாழ்வார் பாசுரம் பாடிய பெரியவர். அரங்கனுக்கு அவர் செய்த தொண்டோ நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்தது. அந்தக் கோயிலில் இன்றும் அன்றாடம் புதிய மண்பானையில்தான் தளிகை. நேற்றைய பானை இன்றைக்கு உதவாது. மண்பானை என்ன, பொன்னா? ஏழையும் வாங்கக்கூடியதுதான். ஆனால் அது அவருக்கென்றே வாங்கியது. வேறொருவர் கழித்துக் கட்டியதல்ல.

அன்று மாலை அடுக்களையிலிருந்த நல்லெண்ணெயை எடுத்து விளக்கேற்றினேன்.

"அது தோசைக்கு வைத்திருக்கிற எண்ணெய் ஆயிற்றே!" என்றாள் மனைவி.

"அதனால்தான்" என்றேன்.

வாங்கி வந்த புட்டியா? எங்கள் வாசற்கதவின் கீல் வெகு நாளாகக் கிறீச்சிட்டுக் கொண்டிருந்தது.