படைத்தள வாயிலும் முன்னாட் போர்வீரரும்

போரை மறுத்துரைப்போர் இருதிறத்தினர். போர்க்களத்தைக் கேள்வியால் மாத்திரம் அறிந்தோர் ஒரு திறத்தினர்; அதனுள் நின்று மீண்டோர் மற்றொரு திறத்தினர். முதற் சாராரை அறியாதார் என்றும் அஞ்சுவோர் என்றும் இகழ்ந்து ஒதுக்குதல் அரசுகளுக்கு எளிது. இரண்டாஞ் சாராரை அங்ஙனம் ஒதுக்குதல் அரிது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்விரண்டாஞ் சாரார் படைத்தளங்களை நாடிச் சென்றதன் காரணத்தையும், ஆங்கு அவர்கள் எதிர்கொண்ட தடையையும் ஈண்டு ஆராய்வாம்.

வியட்நாம் போரை எதிர்த்து 1967 ஆம் ஆண்டு ஏப்பிரல் 15 ஆம் நாள் நியூயோர்க் நகரில் நிகழ்ந்த ஊர்வலத்தில் முன்னாட் படையினர் சிலரும் நடந்தனர். அவ்வாண்டிலேயே அறுவர் கூடிப் போரை எதிர்க்கும் வியட்நாம் முன்னாட் படையினரின் சங்கத்தை நிறுவினர். 1971 ஏப்பிரலில் அச்சங்கத்தார் வாசிங்டனிற் கூடினர். ஆர்லிங்டன் வீரர் மயானத்தில் அஞ்சலி செலுத்தச் சென்றோருக்கு முதல்நாள் வாயில் அடைக்கப்பட்டது, மறுநாளே திறக்கப்பட்டது. 22 ஆம் நாள் ஜோன் கெரி செனற் சபையின் வெளிநாட்டு உறவுக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். அடுத்த நாள் ஏறத்தாழ எண்ணூற்றுவர் தாம் பெற்ற பதக்கங்களைக் கொங்கிரஸ் மாளிகை வேலிக்கு அப்பால் வீசியெறிந்தனர்.

தலைநகரிலே பேசுதல் ஆட்சியாளர் செவிக்காம். ஆயின், நாளை களத்துக்கு அனுப்பப்படவிருக்கும் இளைஞன் செவிக்கு அச்சொல் எட்டுவது எவ்வாறு? அவன் பெருநகர்களுக்கு அப்பால், சிற்றூர் ஒன்றின் அருகேயுள்ள தளத்திற் பயிற்சி பெறுகின்றான். ஆதலின் அவனை நாடிச் செல்லல் வேண்டியதாயிற்று. 1968 அளவில் தென் கரோலினாவின் கொலம்பியா நகரிலும் ரெக்சாசின் கிலீன் ஊரிலும் படைத்தளங்களுக்கு அண்மையிற் கோப்பிக்கடைகள் திறக்கப்பட்டன. ஓய்வு பெற்று வெளிவரும் வீரர் ஆங்கு அமர்ந்து போரைப் பற்றித் தடையின்றி உரையாடினர். 1969 ஒக்ரோபர் 12 இல் நியூ ஜேர்சி மாநிலத்து டிக்ஸ் கோட்டைப் படைச்சிறையிற் கலகம் செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட வீரருக்கு ஆதரவாகப் பல்லாயிரவர் அத்தளத்தை நோக்கி நடந்தனர். கண்ணீர்ப்புகை வீசி அவர்கள் திருப்பப்பட்டனர்.

சட்டத்தின் நிலை யாது? பணியிலுள்ள வீரன் கடமை நேரத்திலோ சீருடையணிந்தோ ஆர்ப்பாட்டத்திற் பங்குபற்றலாகாது. முன்னாள் வீரனோ ஏனைய குடிமகனைப் போன்று பேசலாம். ஆயினும் வாயிலுக்கு உள்ளே அவ்வுரிமை சுருங்குகின்றது. சாம் ஹூஸ்ரன் கோட்டையினூடே பொதுமக்கள் தடையின்றிச் செல்லும் வீதியொன்றில் துண்டுப்பிரசுரம் வழங்கியவரின் தண்டனையை 1972 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் நீக்கியது. அவ்வாண்டிலேயே சனாதிபதி வேட்பாளராக நின்ற மருத்துவர் பெஞ்சமின் ஸ்பொக், டிக்ஸ் கோட்டையினுள் கூட்டம் நடத்த இசைவு வேண்டி மறுக்கப்பட்டார். 1976 இல் அதே நீதிமன்றம் அம்மறுப்பு முறையானதென ஆறுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. படைத்தளத்தின் தொழில் வீரரைப் பயிற்றுதலேயன்றிப் பொதுமேடை அமைத்தலன்று என்பதும், படை கட்சி அரசியலிற் சாராது நிற்றல் வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் அடிப்படைகளாம்.

ஈராக் போர்க் காலத்திலும் இவ்வரலாறு தொடர்ந்தது. அப்போரில் ஈடுபட்டு மீண்டோர் 2004 இல் பொஸ்ரன் நகரிற் சங்கம் அமைத்தனர். 2007 ஆம் ஆண்டு கோடையில் அவருட் சிலர் பேருந்திலேறிக் கிழக்கு மாநிலங்களின் படைத்தளங்களை நாடிப் பயணஞ் செய்தனர். வாயிலுக்கு வெளியே நின்று பேசுவதே அவர்களுக்கு எஞ்சிய வழியாயிற்று. சேமப்படைப் பட்டியலில் இருந்த ஒருவர் சீருடையின் பகுதிகளை அணிந்து ஆர்ப்பாட்டஞ் செய்தமைக்காக அவ்வாண்டு யூனில் விசாரிக்கப்பட்டார். அவரது விடுவிப்பின் தரத்தைக் குறைக்குமாறு விசாரணைக்குழு பரிந்துரைத்தது. களம் விட்டு வந்தோரையும் சீருடை எளிதில் விடுவதில்லை என்பதற்கு இது சான்று.

நீதிமன்றம் கூறிய நியாயம் புறக்கணிக்கத்தக்கதன்று. படை கட்சி பேசத் தொடங்கிய நாடுகளிற் குடியாட்சி நிலைத்ததில்லை. எனினும், உயிரைப் பணயம் வைப்பவனே அதன் காரணத்தைப் பற்றி மாற்றுரை கேளாதிருத்தல் அறமாகுமா என்னும் வினாவும் எஞ்சி நிற்கின்றது. இவ்விரு நெறிகளும் வாயிலிலே மோதுகின்றன. தளத்தின் கட்டுப்பாட்டை ஒருகாலத்தில் ஏற்றவனும் இப்பொழுது குடிமகனாய் நிற்பவனுமாகிய முன்னாட் போர்வீரன், அவ்விரு புறத்தையும் அறிந்தவன். உள்ளே நுழைய அவனுக்கு இசைவில்லை. ஆயினும், உள்ளிருந்து வெளிவரும் இளைஞன் செவிசாய்க்கத்தக்க சொல் அவனிடமே உண்டு. அவனை வாயிலுக்கு வெளியே பேசவிடுதல் குடியரசு தன் படையை நம்புகின்றது என்பதற்கு அடையாளமாம். அங்கும் அவன் வாயை அடைத்தல், தான் தொடுத்த போரின் நியாயத்தை அது தானே நம்பவில்லை என்பதற்கு அடையாளமாம்.