ஹோகன், பென் (1912–1997)

அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரர். முழுப்பெயர் வில்லியம் பென் ஹோகன். 9 பெரும்போட்டிகள் உட்பட 64 பி.ஜி.ஏ. பட்டங்களை வென்றவர். பந்தைக் குறி தப்பாமல் அடிப்பதில் அவருக்கு நிகரில்லை என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. அந்தத் திறமை கைகூட அவருக்குப் பத்தாண்டு பிடித்தது.

டெக்சாஸ் மாநிலம் ஸ்டீபன்வில்லில் 1912 ஆகஸ்ட் 13 அன்று பிறந்தார். தந்தை செஸ்டர் ஒரு கொல்லர். 1922இல் ஃபோர்ட் வொர்த் நகரில் அவர் துப்பாக்கியால் சுட்டுத் தற்கொலை செய்துகொண்டபோது மகனுக்கு வயது 9. வறுமை காரணமாகச் செய்தித்தாள் விற்ற சிறுவன், பிறகு கிளென் கார்டன் கிளப்பில் மட்டைப்பை சுமக்கும் கேடி வேலைக்குச் சேர்ந்தான். பின்னாளில் புகழ்பெற்ற பைரன் நெல்சனும் அங்கே கேடிதான். 1927இல் கேடிகளுக்கு நடந்த கிறிஸ்துமஸ் போட்டியில் ஹோகனை ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் நெல்சன் வென்றார்.

ஹோகன் 18 வயது நிறையுமுன், 1930இல், தொழில்முறை ஆட்டத்தில் இறங்கினார். கைக்காசு தீர்ந்து ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. அதுவும் ஒருமுறை அல்ல. பந்து கடைசி நேரத்தில் இடப்பக்கம் வளைந்தோடும் ‘ஹூக்’ அவரைப் பாடாய்ப் படுத்தியது. மற்றவர்கள் ஆட்டம் முடிந்து ஓய்வெடுக்கப் போகும்போது அவர் பயிற்சித் திடலுக்குப் போவார். பிடியையும் வீச்சையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். 1940இல் பைன்ஹர்ஸ்டில் நடந்த நார்த் அண்ட் சவுத் ஓப்பன்தான் அவர் தனியாக வென்ற முதல் போட்டி. அடுத்தடுத்து மேலும் இரண்டு போட்டிகளை வென்று, அவ்வாண்டின் பரிசுப்பணப் பட்டியலிலும் முதலிடம் பிடித்தார். போர்க்காலத்தில் ராணுவ விமானப் படையில் பணியாற்றித் திரும்பிய பின் 1946இல் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பையும், 1948இல் அதே பட்டத்தோடு யு.எஸ். ஓப்பனையும் கைப்பற்றினார்.

1949 பிப்ரவரி 2 அன்று டெக்சாஸின் வான் ஹார்ன் அருகே, பனிமூட்டத்தில் லாரியை முந்திவந்த கிரேஹவுண்ட் பேருந்து ஹோகனின் காடிலாக் கார் மீது நேருக்கு நேர் மோதியது. மனைவி வாலரியைக் காப்பாற்ற அவர் மேல் குறுக்கே பாய்ந்தார் ஹோகன். ஸ்டியரிங் தண்டு ஓட்டுநர் இருக்கையைக் குத்திக்கொண்டு போயிற்று. மனைவியைக் காக்கப் பாய்ந்ததால்தான் அவரும் உயிர் தப்பினார். இடுப்பெலும்பு, கழுத்துப்பட்டை எலும்பு, இடக் கணுக்கால் முறிந்தன. நுரையீரலை நோக்கி இரத்தக் கட்டிகள் நகர்ந்ததால் கீழ்ப்பெருஞ்சிரையைக் கட்டிவிட நேர்ந்தது. கால்களில் இரத்த ஓட்டம் அதன்பின் ஒருபோதும் சீராகவில்லை. நடப்பதே சிரமம் என்ற நிலையில் 59 நாட்கள் கழித்து மருத்துவமனையிலிருந்து வெளியேறினார்.

16 மாதம் கழித்து மெரியனில் யு.எஸ். ஓப்பன். அக்காலத்தில் கடைசி நாளில் 36 குழிகளை ஆடியாக வேண்டும். கால்களில் கட்டுப்போட்டுக்கொண்டு ஹோகன் நடந்தார். கடைசிக் குழியில் ஒன்றாம் எண் இரும்பு மட்டையால் பச்சைத்தரைக்கு அடித்த அடியைப் புகைப்படக்காரர் ஹை பெஸ்கின் பின்னாலிருந்து எடுத்த படம், கோல்ஃப் படங்களிலேயே பெயர்பெற்றது. அந்த அடி அவரைச் சமநிலையில்தான் நிறுத்தியது. பட்டம் மறுநாள் கிடைத்தது: 18 குழி முடிவாட்டத்தில் ஹோகன் 69, லாய்ட் மங்ரம் 73, ஜார்ஜ் ஃபாசியோ 75. படத்தை விட இந்த மறுநாள் ஆட்டமே பெரிய சாதனை என்று தோன்றுகிறது.

1953இல் ஆறு போட்டிகளில் மட்டுமே கலந்துகொண்டு ஐந்தை வென்றார், மாஸ்டர்ஸ், யு.எஸ். ஓப்பன், பிரிட்டிஷ் ஓப்பன் மூன்றும் அவற்றில் அடக்கம். ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில் 73, 71, 70, 68 என்று சுற்றுக்குச் சுற்று அடிகளைக் குறைத்தார். பிரிட்டிஷ் ஓப்பனில் அவர் ஆடியது அந்த ஒருமுறைதான். நான்காவது பெரும்போட்டியான பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பில் அவ்வாண்டு அவர் ஆடவில்லை; அதன் தேதிகள் பிரிட்டிஷ் ஓப்பனோடு மோதின. நாள்தோறும் நீளும் அதன் நேருக்கு நேர் ஆட்டங்களை அவர் கால்களும் தாங்கியிரா. நாடு திரும்பியதும் நியூயார்க்கில் ஊர்வல வரவேற்பு கிடைத்தது. ஒரே ஆண்டில் மூன்று தொழில்முறைப் பெரும்போட்டிகளை வெல்ல அடுத்த ஆள் 2000இல்தான் வந்தார்: டைகர் உட்ஸ்.

ஐந்தாவது யு.எஸ். ஓப்பன் பட்டம் 1955இல் ஜாக் ஃப்ளெக்கிடம் முடிவாட்டத்தில் நழுவியது. 54 வயதில், 1967 மாஸ்டர்ஸின் மூன்றாம் சுற்றில் 66 அடித்தார். 1997 ஜூலை 25 அன்று ஃபோர்ட் வொர்த்தில் காலமானார்.

கோல்ஃப் எழுத்தாளர் ஹெர்பர்ட் வாரன் விண்ட் துணையோடு 1957இல் அவர் வெளியிட்ட ‘ஐந்து பாடங்கள்’ இன்றும் விற்பனையாகிறது. அதில் ஒரு சிக்கல் உண்டு. சாதாரண ஆட்டக்காரர்கள் பெரும்பாலோருக்குப் பந்து வலப்பக்கம் வளைவதே தொல்லை. ஹோகன் எழுதியதோ தன் ஹூக்கை அடக்கக் கண்டுபிடித்த வழிகளை. இடக்கையை மட்டையின் மேல் சற்று இலக்குப் பக்கமாகத் திருப்பிப் பிடிக்கச் சொல்லும் அவர் பாடத்தை அப்படியே பின்பற்றினால் வலப்பக்க வளைவு கூடவும் கூடும் என்று பயிற்சியாளர்கள் சிலர் எச்சரிக்கிறார்கள்.